வெடிமருந்துச் சீமையில் வைத்திய வசதி

2025-ஆம் வருஷம் ஜூன் மாதம் 11-ந் தேதி விருதுநகர் ஜில்லா காரியாபட்டியை அடுத்த வடகரை கிராமத்தில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. மூவர் மாண்டனர் என்று அன்று செய்தி வந்தது. வேறு சிலர் தீக்காயங்களுடன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டனர். அதற்குச் சுமார் பதின்மூன்று மாதங்களுக்கு முன், 2024 மே மாதம் 1-ந் தேதி, அதாவது உலகெங்கும் தொழிலாளர் தினம் கொண்டாடிய அதே நாளில், அதே காரியாபட்டித் தாலுகாவில் கீழ உப்பிலிக்குண்டு அருகே கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, அங்கு வேலை செய்துகொண்டிருந்தோர் உடல் சிதறி மாண்டனர். இரண்டு சமயங்களிலும் மந்திரிகள் அனுதாபம் தெரிவித்தார்கள். அதிகாரிகள் ஸ்தலத்தைப் பார்வையிட்டார்கள். போலீஸார் வழக்குப் பதிவு செய்தார்கள். நிவாரணத் தொகை பிரகடனம் செய்யப்பட்டது. இவை யாவும் முறைப்படி நடந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. மாண்டவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், மாளாமல் பிழைத்துக் கிடப்பவர்களைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பதே நமது கேள்வி.

பத்திரிகைகளில் வெடி விபத்துச் செய்தி வந்த நாலாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள், உள்பக்கத்தில் ஒரு மூலையில், 'சிகிச்சை பலனின்றி மரணம்' என்று நாலு வரிச் செய்தி வருவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். முதல் நாள் சாவுக்கு முதல் பக்கமும் பத்தாம் நாள் சாவுக்கு மூலையும் என்பது பத்திரிகைத் தொழிலின் குறை. அதில் நமக்கும் பங்குண்டு. ஆனால் அந்தப் பத்தாம் நாள் சாவுதான் சர்க்காருடைய யோக்கியதையை உரைத்துப் பார்க்கும் கல். வெடித்த கணத்திலேயே சிதறிப் போனவனை எந்த வைத்தியனும் காப்பாற்றியிருக்க முடியாது. பத்து நாள் உயிரோடு போராடியவனைக் காப்பாற்றியிருக்க முடியுமா, முடியாதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் தீக்காயம் என்பது என்ன என்று சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பின் தோலில் நாற்பது பங்கு வெந்துபோன ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனை முதலில் கொல்லப் பார்ப்பது நெருப்பு அன்று. உடம்பிலுள்ள நீர் ரத்தக் குழாய்களை விட்டு வெளியே கசிந்து போவதுதான். இழந்த நீரை ஊசி மூலம் ரத்தத்திலே ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏற்றுவது என்பதற்கு வைத்தியர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: உடம்பின் எடை கிலோவையும், வெந்த தோலின் சதவீதத்தையும், நாலையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது முதல் 24 மணி நேரத்துக்குத் தேவையான மில்லி லிட்டர். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண் நாற்பது சதவீதம் வெந்திருந்தால் 8,000 மில்லி லிட்டர், அதாவது எட்டு லிட்டர். அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. நெருப்புப் பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. சம்பவ ஸ்தலத்தில் அரை மணி, ஆம்புலன்ஸ் வர அரை மணி, முதல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதி வேறிடம் அனுப்ப ஒரு மணி, வழியில் ஒரு மணி என்று மூன்று மணி நேரம் போய்விட்டால், எட்டு மணி நேர வேலையை ஐந்து மணி நேரத்தில் செய்ய வேண்டியதாகிறது. முகத்திலும் மூக்கிலும் தீயும் புகையும் ஏறியவனுக்கோ இன்னொரு அபாயம்: தொண்டை வீங்கி மூச்சு அடைபடும். அந்த வீக்கம் முற்றுமுன் குழாய் செருகத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். இவையெல்லாம் கடந்தவனை ஒரு வாரத்துக்குப் பின் கிருமிகள் தாக்குகின்றன. பத்தாம் நாள் சாவு பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான்.

ஆகவே காரியாபட்டிக்காரனுக்கு வைத்திய வசதி உண்டா என்பதற்குக் கட்டிடங்களை எண்ணிப் பதில் சொல்ல முடியாது.

கட்டிடங்களை எண்ணினால் நம் மாகாணம் வெட்கப்பட வேண்டியதில்லை. இதை நாம் பெருமையோடு ஒப்புக்கொள்ளுகிறோம். பொது ஜன சுகாதாரத்துக்கென்று இந்தியாவிலேயே முதன் முதலாகச் சட்டம் செய்தது 1939-இல் சென்னை மாகாணம். சுதந்திரத்துக்கு முந்தின வருஷமாகிய 1946-இல் அறிக்கை சமர்ப்பித்த போர் கமிட்டியில் நம் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார் ஓர் அங்கத்தினர். 40,000 ஜனங்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று அக்கமிட்டி உடனடித் திட்டமாகச் சொன்னதை இன்று நாம் தாண்டிவிட்டோம். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிற்று. 2022 ஜனவரி 12-ந் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய சர்க்கார் வைத்தியக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது அவற்றில் ஒன்று விருதுநகருக்கு வாய்த்தது. காமராஜர் பிறந்த ஊருக்கு அது வந்தது பொருத்தமே. சற்றுத் தாமதமாக வந்தது என்று மட்டும் சொல்லி வைப்போம். 2018-இல் இந்திய சர்க்கார் பின்தங்கிய ஜில்லாக்களைப் பொறுக்கியெடுத்து ஒரு ஜாபிதா வெளியிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தவை இரண்டே: ஒன்று ராமநாதபுரம், மற்றொன்று விருதுநகர். தேசத்தில் கொளுத்தப்படும் பட்டாசில் மிகப் பெரும் பகுதியைச் செய்து கொடுக்கும் ஜில்லா, பின்தங்கிய ஜில்லாக்களின் ஜாபிதாவிலும் இடம் பெற்றது.

காரியாபட்டியைப் பற்றி ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். அது காட்டில் ஒதுங்கிக் கிடக்கும் ஊர் அன்று. மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் பெரிய சாலை அதைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஊரில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்குள்ளான தூரம். சிவகாசி, வெம்பக்கோட்டைக்காரனுக்கு மதுரை இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தூரம். ஆனால் குவாரியும் மருந்துக் கிடங்கும் பெரிய சாலையின் ஓரத்தில் இருப்பதில்லை. இருக்கவும் கூடாது என்பதே சட்டம். ஜனங்களை விட்டு ஒதுங்கிய இடத்தில் வைக்க வேண்டும் என்று சட்டம் விதிக்கும்போது, அங்கே வேலை செய்கிறவனும் வைத்தியத்தை விட்டு ஒதுங்கிவிடுகிறான். ஊருக்கு வந்த பாதுகாப்பு கூலிக்காரனுக்கு அபாயமாகிறது. அந்த அபாயத்துக்கு ஈடு செய்ய வேண்டியவர், அந்த லைசென்ஸைக் கொடுத்த அதிகாரியும் அதை வாங்கிய முதலாளியுமே அல்லவா?

2012 செப்டம்பர் 5-ந் தேதியை ஜில்லா மறந்திருக்காது. முதலிப்பட்டியில் அன்று நடந்த கோரத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடி வந்தவர்களும் அதில் அடக்கம். காயமுற்றோரை அகப்பட்ட வண்டியிலெல்லாம் ஏற்றி சிவகாசிக்கும், அங்கிருந்து பலரை மதுரைக்கும் கொண்டு போனார்கள். அதன் பிறகு 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளம். 2023 அக்டோபர் 17-ந் தேதி ரெங்கபாளையம். 2024 பிப்ரவரியில் ராமுத்தேவன்பட்டி. அதே வருஷம் மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டி. சிவகாசி சர்க்கார் ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவு உண்டு. அங்குள்ள டாக்டர்களும் நர்ஸுகளும் இந்த நாட்டில் வேறு எவரும் காணாத அளவுக்குத் தீக்காயங்களைக் கண்டவர்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. கடுமையாக வெந்தவர்களை இன்றும் மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்று கேட்கவே எழுதுகிறோம். ஒட்டுத்தோல் வைக்கும் சர்ஜன், மூச்சு இயந்திரம், கிருமி அணுகாத தனி அறைகள், பல மாதம் கையை நீட்டி மடக்கிப் பழக்கும் உடற்பயிற்சி வைத்தியர் ஆகிய யாவும் ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் அது தீக்காய ஆஸ்பத்திரி. விருதுநகர் வைத்தியக் கல்லூரியில் இவை பூரணமாக அமைந்துவிட்டால் காரியாபட்டிக்கும் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுநாயகமாக ஒரு ஸ்தாபனம் கிடைக்கும். கல்லூரி வந்துவிட்டது, இனி அந்தக் கல்லூரி தன் ஜில்லாவுக்கு உரிய வியாதியைத் தன் விசேஷ வித்தையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். சணல் சீமையில் உள்ள கல்லூரி சணல் தூசியால் வரும் இருமலைப் படிக்காமல் வேறு எதைப் படிப்பது?

அமெரிக்காவில் போஸ்டன் நகரத்தில் 1942 நவம்பர் 28-ந் தேதி இரவு ஒரு நடன விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். அந்தத் துயரத்தில் ஒரு விசேஷம் உண்டு. யுத்த காலமானபடியால், எதிரிகள் குண்டு போடக்கூடும் என்ற பயத்தில் அந்நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் பிளாஸ்மாவைச் சேமித்து வைத்திருந்தன. அநேகர் ஒரே சமயத்தில் வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகையும் பார்த்திருந்தன. குண்டு விழவில்லை; நெருப்பு வந்தது. தயாராக இருந்தார்கள். அன்று அவர்கள் கற்றவற்றிலிருந்து வளர்ந்ததே, மேலே நாம் சொன்ன திரவக் கணக்கும் தீக்காய வைத்தியத்தின் மற்றப் பல முறைகளும். வராத அபாயத்துக்கு அவர்கள் தயாராக இருந்தார்கள். வருஷந் தவறாமல், அதிலும் தீபாவளிக்கு முந்தின மாதங்களிலும் வெயில் காலத்திலும் வரும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த அபாயத்துக்கு நாம் தயாராக இருக்க வேண்டாமா? காரியாபட்டி போன்ற ஊரின் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு வைக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது வீண் செலவு. இரவு பகல் எந்நேரமும் நரம்பில் ஊசி ஏற்றவும், தொண்டையில் குழாய் செருகவும், வெந்த அளவைக் கணக்கிட்டுச் சீட்டில் எழுதி அனுப்பவும் பழகிய ஒரு டாக்டரும், அதற்கு வேண்டிய திரவமும் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். குவாரியிலும் தொழிற்சாலையிலும் குளிர்ந்த ஓடும் தண்ணீரை இருபது நிமிஷம் விட வேண்டும் என்று போர்மேன் முதல் புதிதாக வந்த பெண் வரை எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறோம். இன்றும் பேனா மசியையும் பற்பசையையும் பூசிக் கொண்டுவருகிறார்கள். அதைத் துடைத்தெடுக்கும்போது தோலும் கூட வந்துவிடுகிறது.

இனிப் பணத்துக்கு வருவோம். ஏழைக்கு வைத்திய வசதி என்பதில் பாதி விஷயம் பணம்.

நாம் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒரு ஸ்திரீ, மஞ்சள் பையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு நம்மைத் தேடி வந்தாள். கணவன் வெடியில் காயம்பட்டு மூன்று மாதம் படுக்கையில் கிடந்து இறந்தவன். ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துக் கடைப் பில், வட்டிக்காரன் எழுதி வாங்கிய புரோநோட்டின் நகல் யாவும் பையில் இருந்தன. வேலைக்கு வைத்தவர் யார் என்பதற்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. லைசென்ஸ் ஒருவர் பெயரில். ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவர். கூலி கொடுத்தவர் மூன்றாவது ஆசாமி. "எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போனதே இல்லைன்னு சொல்றாங்கய்யா" என்றாள். சட்டப் புஸ்தகங்களை எத்தனை வருஷம் படித்திருந்தாலும் அந்த வார்த்தைக்குப் பதில் சொல்வது எளிதாயில்லை.

இந்த உள்குத்தகை வியாபாரம் சட்ட விரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும். அது நடக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதன் விளைவு விபத்தோடு நிற்பதில்லை. பதிவில்லாத தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு இல்லை, கார்டு இல்லாதவனுக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இல்லை. சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி ஒன்று இருந்தும் அதன் வாசல் அவனுக்கு அடைபட்டிருக்கிறது. கார்டு உள்ளவனுக்கோ வியாதி வந்தால் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வீட்டுக்கு வருகிறது. இல்லாதவன், காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு பகல் நின்றால் அன்றைய கூலியை இழக்கிறான். கரிசல் காட்டில் மானாவாரி விளைச்சல் பொய்த்த வருஷத்தில் வேனில் ஏறி வேலைக்குப் போகும் பெண், இருமலையும் கண்ணெரிச்சலையும் அலுமினியப் பொடியின் பூச்சையும் அப்படியே சுமந்துகொண்டு மறுநாளும் ஏன் வேனில் ஏறுகிறாள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

சட்டம் இப்பொழுது ஒரு வழியைத் திறந்திருக்கிறது. 1948-ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டம் பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தி வந்தது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020-இல் பார்லிமெண்டு நிறைவேற்றியது. அபாயகரமான தொழில் என்று இந்திய சர்க்கார் அறிவிக்கும் தொழிலில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என்று அது சொல்லுகிறது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைப் பற்றித் தேசத்தில் பலத்த அபிப்பிராய பேதங்கள் உண்டு. நமக்கும் சிலவற்றில் சந்தேகங்கள் உண்டு. ஆயினும் இந்த ஒரு விதியை நாம் இரு கை நீட்டி வரவேற்கிறோம். அந்த அறிவிப்பில் பட்டாசும் தீப்பெட்டியும் கல்குவாரியும் சந்தேகத்துக்கு இடமின்றி அடங்க வேண்டும். பணம் கட்டத் தவறிய முதலாளியைக் காரணம் காட்டித் தொழிலாளியை வாசலில் நிறுத்தாமல், முதலில் வைத்தியம் செய்துவிட்டுப் பின்னால் முதலாளியிடமிருந்து வசூலிக்கிற துணிவும் வேண்டும். அத்தகைய அதிகாரம் பழைய சட்டத்தின் 68-ஆவது பிரிவிலேயே இருந்தது. உபயோகித்தவர்தான் குறைவு.

இதில் கோர்ட்டுகள் பின்னிடவில்லை. எம்.ஸி. மேத்தா சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றித் தொடுத்த வழக்கில், 1990-களின் தொடக்கத்திலேயே சுப்ரீம் கோர்ட்டு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்கு இன்ஷ்யூரன்ஸ் செய்ய வேண்டும், வைத்திய வசதி செய்து கொடுக்க வேண்டும், நல நிதி ஏற்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 1996-இல் வங்காளத்து விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கு ஒன்று வந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல சர்க்கார் ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பியிருந்தன. அவசர சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்தை மீறுவது என்றும், பணமில்லை என்பது சர்க்காருக்குச் சமாதானமாகாது என்றும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்புகள் அச்சுப் புஸ்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

வைத்தியம் கிட்டினால் மட்டும் போதாது, அதை நம்பவும் முடிய வேண்டும் என்பதற்கு இதே ஜில்லாவில் ஓர் உதாரணம் உண்டு. 2018 டிசம்பரில், சாத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு, சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த, எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் செலுத்தப்பட்டது தெரிய வந்தது. ஹைகோர்ட்டின் மதுரைப் பெஞ்சு மறு வருஷம் அவளுக்கு 25 லக்ஷம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க உத்தரவிட்டது. பரிசோதனையைச் சரியாகச் செய்ய ஒரு ஆளுக்கு ஆகும் மாதச் சம்பளத்தை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி நிதி இலாகாவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

மாகாண சர்க்காருக்கும் ஒரு யோசனை. 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். சாலை விபத்தில் அடிபட்டவன் எந்த ஊரானாயினும், காப்பீட்டு அட்டை உள்ளவனாயினும் இல்லாதவனாயினும், முதல் 48 மணி நேரம் சர்க்கார் செலவில், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் பெறலாம் என்பது அதன் சாரம். இது உயர்ந்த ஏற்பாடு. மதுரைச் சாலையில் லாரி மோதியவனுக்கு ஏற்பட்டிருக்கும் இந்த உரிமை, அதே சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே மருந்து வெடித்து வெந்தவனுக்கும் சட்டமாக எழுதப்பட வேண்டும். விபத்து நடந்த பின் மந்திரி ஸ்தலத்தில் நின்று 'செலவை சர்க்கார் ஏற்கும்' என்று கருணையோடு சொல்லுகிறார், நல்லதுதான். ஆனால் மூன்று பேர் செத்தால் மந்திரி வருகிறார்; ஒருவன் மாத்திரம் கை வெந்தால் யார் வருகிறார்? ஒற்றைக் காயங்களே ஏராளம். அவை பத்திரிகைக்கும் வருவதில்லை, பல சமயம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வருவதில்லை. லைசென்ஸ் போய்விடும் என்று பயப்படும் முதலாளி, தனக்குத் தெரிந்த சிறிய கிளினிக்கில் இரகசியமாகக் கட்டுப் போட்டு அனுப்புகிறார். தொழிலாளியும் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொள்கிறான். முதல் எட்டு மணி நேரம் அங்கே கழிந்துவிடுகிறது.

பட்டாசுத் தொழிலை அழிக்க வேண்டும் என்பது நம் கட்சி அன்று. 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் வறண்ட பூமிக்குச் சோறு போட்டார்கள்; அந்நிய நாட்டுத் தீக்குச்சியை நம்பியிருந்த தேசத்துக்கு அது பெரிய தொண்டு. இன்றும் முறையாக நடத்தும் முதலாளிகள் பலர் உண்டு. லைசென்ஸ் புதுப்பிக்கும் தாளில் கிடங்கின் சுவர் எத்தனை அடி, மரம் எத்தனை அடி தூரம் என்றெல்லாம் அளவெடுத்துக் கேட்கிறார்கள் என்று அவர்கள் குறைப்படுவதுண்டு. நாம் அதே தாளில் மேலும் மூன்று வரிகள் சேர்க்கச் சொல்லுகிறோம்: இங்கு வேலை செய்வோரின் ஈ.எஸ்.ஐ. எண்கள் யாவை, அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரி இவர்களை ஏற்கச் சம்மதித்திருக்கிறது, ஷெட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேர ஒத்திகையில் எத்தனை நிமிஷம் ஆயிற்று. கலெக்டர் கையெழுத்திடுமுன் மூன்றாவது வரியை ஒரு தடவை தாமே வண்டியில் ஏறிச் சரிபார்க்கட்டும். தீபாவளி ஆர்டர்கள் வரத் தொடங்குமுன் அதைச் செய்ய இன்னும் நேரமிருக்கிறது.